ஜென்கின்ஸ் ஜாப் ஸ்கிரிப்ட்டை கிரேடிலில் சோதிப்பது: அவசியமா, வீண் வேலையா?

கிரேடில்_காவலன்:
எங்கள் ஜென்கின்ஸில் (மென்பொருளைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் சர்வர்) ஜாப் எல்லாமே ஜாப் டிஎஸ்எல் ஸ்கிரிப்ட்டிலிருந்து, அதாவது ஜாப்களை க்ரூவி மொழியில் எழுதிவைக்கும் கோப்புகளிலிருந்து, உருவாகிறவை. போன வாரம் ஒரு மெத்தட் பெயரில் ஓர் எழுத்து பிசகிவிட்டது. ரிவ்யூவில் இரண்டு பேர் பார்த்தும் கண்ணில் படவில்லை. மெர்ஜ் ஆனதும் சீட் ஜாப் (ஸ்கிரிப்ட்களைப் படித்து மற்ற ஜாப்களை உருவாக்கும் ஜாப்) ஓடியது. முதலில் ஓடிய கோப்புகளின் ஜாப்கள் மாறிவிட்டன. பிழை இருந்த கோப்பும் அதற்குப் பின்னால் இருந்தவையும் பழையபடியே நின்றன. எது புதுசு, எது பழசு என்று பிரித்தெடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. க்ரூவியில் இந்த மாதிரிப் பிழை ஓடும்போதுதான் வெளிப்படும். அதனால் ஜென்கின்ஸ்ரூல் என்ற டெஸ்ட் கருவியை வைத்துத் தற்காலிக ஜென்கின்ஸ் ஒன்றைக் கிளப்பி, எல்லா ஸ்கிரிப்ட்டையும் அதில் ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட்டை பில்ட் கருவியான கிரேடிலின் 'செக்' டாஸ்க்கில் சேர்த்துவிட்டேன். அது தேறாமல் மெர்ஜ் கிடையாது. எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

அனல்_ஆப்ஸ்:
எனக்கு உடன்பாடில்லை நண்பரே. ஸ்கிரிப்ட்டில் தானாகக் கிடைக்கும் டைனமிக் டிஎஸ்எல் மெத்தட்கள் எங்கிருந்து வருகின்றன? ஜென்கின்ஸில் நிறுவியிருக்கும் ப்ளகின்களிலிருந்து (துணை நிரல்கள்). உங்கள் டெஸ்ட்டில் ஒரு பதிப்பு, சர்வரில் வேறு பதிப்பு என்றால் அந்தப் பச்சை விளக்குக்கு என்ன மதிப்பு?

இன்னொன்று. ஒருவர் ஜாப்பின் பெயரை மாற்றுகிறார். ஸ்கிரிப்ட்டில் பிழையே இல்லை, உங்கள் டெஸ்ட்டும் தேறிவிடும். சீட் ஜாப்பில் நீக்கப்பட்ட ஜாப்களுக்கு 'டெலீட்' என்று வைத்திருந்தால் பழைய ஜாப் அதன் பில்ட் ஹிஸ்டரியோடு அழிந்துபோகும். நான் அதை அனுபவித்தவன். அதற்குப் பிறகு ஸ்டேஜிங் ஜென்கின்ஸில் (நிஜ சர்வரைப் போலவே அமைத்த ஒத்திகை சர்வர்) ஓட்டிப் பார்ப்பதை மட்டும்தான் நம்புகிறேன்.

கிரேடில்_காவலன்:
பதிப்பு விஷயத்துக்கு வழி இருக்கிறது. சர்வர் இமேஜ் கட்டும்போது படிக்கும் ப்ளகின் பட்டியல் கோப்பையே கிரேடிலும் படிக்கட்டும். இரண்டு இடத்தில் எழுதினால்தான் பிசகும்.

பெயர் மாற்றம் பற்றிச் சொன்னது உண்மைதான், வெறுமனே ஓட்டிப் பார்ப்பதில் அது சிக்காது. ஆனால் டெஸ்ட் முடிவில் ஒவ்வொரு ஜாப்பின் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பையும் ஒரு கோப்புறையில் எழுதிவைத்து, மெயின் கிளையில் வந்ததோடு டிஃப் எடுத்தால் (ஒப்பிட்டு வித்தியாசம் பார்த்தால்), ஒரு கோப்பு மறைந்து வேறொன்று முளைத்தது பளிச்சென்று தெரியும். அப்போது ஜாப்பின் பழைய பெயரைச் சொல்லும் 'ப்ரீவியஸ்நேம்ஸ்' போட்டால் போதும். அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றும், ஹிஸ்டரியும் கூடவே வரும்.

மேகலை_க்ரூவி:
நானும் காவலன் பக்கம்தான். காரணம் வேறு. ஷெல் கட்டளையை இரட்டை மேற்கோளுக்குள் எழுதி, அது எழுதும் ஜிப் கோப்பின் பெயரில் டாலர் பில்ட்_நம்பர் (ஓடும் பில்டின் எண்) என்று வைக்கிறார்கள். அந்த மாறியை ஷெல்லுக்கு முன்பே க்ரூவி விழுங்கிவிடும். சீட் ஜாப்பின் சூழல் மாறிகள் ஸ்கிரிப்ட்டுக்குள் கிடைப்பதால் பிழையும் வராது. சீட் ஜாப்பின் எண் அப்படியே உறைந்துபோய், அந்த ஜாப்பின் ஒவ்வொரு பில்டும் அதே எண்ணில் ஜிப் கோப்பு எழுதும். டெஸ்ட்டில் சூழல் மாறிகளைக் காலியாகக் கொடுங்கள், 'அப்படி ஒரு ப்ராப்பர்ட்டி இல்லை' என்று அங்கேயே விழும். டெஸ்ட் தேறவேண்டும் என்பதற்காகப் போலி மதிப்பைக் கொடுத்துவிடாதீர்கள்!

நீளமான ஷெல்லைத் தனிக் கோப்பில் வைத்து 'ரீட்ஃபைல்ஃப்ரம்வொர்க்ஸ்பேஸ்' மூலம் எடுத்தால் ஷெல் ஸ்கிரிப்ட்டில் பிழை தேடும் ஷெல்செக்கையும் அதே டாஸ்க்கில் கட்டிவிடலாம்.

அனல்_ஆப்ஸ்:
எக்ஸ்எம்எல் டிஃப் நல்ல யோசனை, அதை எடுத்துக்கொள்கிறேன். பில்ட்_நம்பர் சமாச்சாரம் ஸ்டேஜிங்கிலும் தப்பித்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிரெடென்ஷியல் ஐடி (சேமித்த கடவுச்சொல்லின் அடையாளம்) சர்வரில் இருக்கிறதா, ஏஜென்ட் லேபிள் (ஜாப் ஓடவேண்டிய கணினியின் குறி) சரியா, ஸ்கிரிப்ட் அப்ரூவல் (ஸ்கிரிப்ட் ஓட நிர்வாகியின் அனுமதி) கிடைத்திருக்கிறதா என்பதையெல்லாம் தற்காலிக ஜென்கின்ஸ் சொல்லாது. ஸ்டேஜிங்கை நான் விடப்போவதில்லை.

ஒரு சந்தேகம். உங்கள் ஸ்கிரிப்ட்கள் 'ஜாப்ஸ்' கோப்புறையில்தானே இருக்கின்றன? அது டெஸ்ட் டாஸ்க்கின் இன்புட் என்று கிரேடிலுக்குத் தெரியுமா? சொல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் மாறினாலும் 'அப்-டு-டேட்' என்று டெஸ்ட்டைத் தாண்டிப் போய்விடும்.

கிரேடில்_காவலன்:
இப்போதுதான் என் கணினியில் பார்த்தேன். வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்து ஓட்டினேன். 'அப்-டு-டேட்', பச்சை! சிஐ (மெர்ஜுக்கு முன் டெஸ்ட்டைத் தானாக ஓட்டும் அமைப்பு) ஒவ்வொரு முறையும் குறியீட்டைப் புதிதாக க்ளோன் எடுப்பதால் அங்கே தெரியாமல் இருந்திருக்கிறது. டாஸ்க்கின் இன்புட்டில் 'ஜாப்ஸ்' கோப்புறையைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன், சிவப்பு. மிக்க நன்றி அனல். திருத்தத்தை இன்றே மெர்ஜுக்கு அனுப்புகிறேன்.