ஏவி ரிசீவர்ல சென்டர் சேனல் மட்டும் கட் ஆகுது, தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே, நமக்கு கடலூர் தேவனாம்பட்டினம், பீச் கிட்டயே வீடு. ஒரு பழைய 5.1 ஏவி ரிசீவர் (டிவி சவுண்ட அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபருக்குன்னு பிரிச்சு குடுக்கற ஆம்ப்ளிஃபயர்) இருக்கு, படம் போட்டா பாட்டு சண்டையெல்லாம் தூக்குது ஆனா வசனம் வர்ற சென்டர் ஸ்பீக்கர் மட்டும் விட்டு விட்டு வருது, கம்மி சவுண்டுல சுத்தமா வராது, வால்யூம நல்லா ஏத்துனா டக்குனு வந்துடும். வீட்ல எல்லாரும் சப்டைட்டில் படிச்சிட்டு இருக்கோம், அதுவும் தமிழ் படத்துக்கு!

டிவியோட சவுண்ட் அவுட்புட் செட்டிங்ல பிசிஎம், பிட்ஸ்ட்ரீம் ரெண்டும் மாத்தி பாத்தாச்சு, ஸ்பீக்கர் செக் பண்ண ரிசீவரே போடற டெஸ்ட் டோன்லயே இதே கதைதான், அப்போ டிவி, எச்டிஎம்ஐ கேபிள் மேல தப்பு இல்ல. அதே ஸ்பீக்கர அதே ஒயரோட லெஃப்ட் டெர்மினல்ல மாட்டுனா சூப்பரா பாடுது. உப்புக்காத்துல ஒயர் முனை பச்சை புடிச்சிருந்துச்சு, அத வெட்டி புதுசா சீவி மாட்டியும் மாறல.

எனக்கென்னவோ உள்ள இருக்கற ஸ்பீக்கர் ரிலே (ஸ்பீக்கருக்கு போற லைன ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச்) கான்டாக்ட் கறுத்துருக்கும்னு டவுட்டு. பாண்டில ஒரு மெக்கானிக் தொறந்துகூட பாக்காம போர்டே மாத்தணும்ங்கறாரு, மனசு ஒப்பல. ரிலே மட்டும் மாத்துனா சரியாகுமா, இல்ல ட்ரை சால்டரா (போர்டுல பத்தவச்ச இடம் விட்டுப்போறது) இருக்குமா? கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்), பாண்டி பக்கம் பார்ட் பார்ட்டா பாத்து சரி பண்றவங்க யாராச்சும் இருந்தா கமென்ட்ல சொல்லுங்க ப்ளீஸ்.