உச்ச நீதிமன்றம் ஒரே வரியில் மனுவைத் தள்ளுபடி செய்தால், கீழே வந்த தீர்ப்பு சரி என்று பொருளா?

பண்ருட்டிக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். பாட்டனார் காலத்து முந்திரித் தோப்பைப் பற்றிய பாகப்பிரிவினை வழக்கில், கடலூர் நீதிமன்றத்தில் எங்களுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் இரண்டாம் மேல்முறையீட்டில் மாற்றிவிட்டது. அதை எதிர்த்து டெல்லியில் போட்ட சிறப்பு அனுமதி மனு, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ்கூடப் போகாமல், "தலையிட விரும்பவில்லை" என்ற ஒரு வரியோடு முதல் நாளிலேயே தள்ளுபடியானது. சித்தப்பா வீட்டார், உச்ச நீதிமன்றமே தங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லி வருகிறார்கள். அது உண்மையா? எந்த வழக்கை எடுப்பது, எதை விடுவது என்று அங்கே எப்படி முடிவு செய்கிறார்கள்? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

புதுவை வழக்கறிஞர்:
ஐயா, அவர்கள் சொல்வது சட்டப்படி சரியன்று. அரசமைப்புச் சட்டத்தின் 136ஆவது உறுப்பின்கீழ் நீங்கள் போட்டது மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் மனு மட்டுமே. அனுமதி கிடைத்த பிறகுதான் அது மேல்முறையீடாகப் பதிவாகி, இரு தரப்பு வாதங்களும் முழுமையாகக் கேட்கப்பட்டு, வரும் தீர்ப்பு உயர் நீதிமன்றத் தீர்ப்பின் இடத்தைப் பிடிக்கும். காரணம் கூறாமல் அனுமதி மறுக்கப்பட்டால், இந்த வழக்கில் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தத் தேவையில்லை என்று நீதிமன்றம் கருதியது என்பதற்கு மேல் அதில் எதையும் படிக்கக் கூடாது. 2000இல் குன்ஹயம்மது எதிர் கேரள அரசு வழக்கில் இதைத் தெளிவாக வகுத்தார்கள். 2019இல் கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதையே உறுதிசெய்தது.

எதை எடுப்பது என்பதற்கு 136ஆவது உறுப்பு எந்த அளவுகோலையும் சொல்லவில்லை. இந்த அதிகாரத்தை அரிதாக, விதிவிலக்கான சூழலில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 1950இல் பிரீதம் சிங் வழக்கிலேயே நீதிமன்றம் தனக்குத் தானே வரம்பு கட்டிக்கொண்டது. மரபாகத் திங்களும் வெள்ளியும் புதிய மனுக்களுக்கான நாட்கள். பெரும்பாலும் இரண்டு நீதிபதிகள் கோப்புகளை முன்கூட்டியே படித்துவிட்டு வருவார்கள், ஒவ்வொரு மனுவுக்கும் கிடைப்பது சில நிமிடங்களே. இரண்டு உயர் நீதிமன்றங்கள் ஒரே சட்டப் பிரிவுக்கு மாறுபட்ட பொருள் கொண்டிருந்தாலோ, பலரைப் பாதிக்கும் கேள்வி எழுந்தாலோ, கண்கூடான அநீதி நடந்திருந்தாலோ நோட்டீஸ் போகும். இரு குடும்பங்களுக்கு இடையே சாட்சியங்களை எடைபோடும் வழக்கு அந்த வாசலைத் தாண்டுவது கடினம். ஆனால் காரணம் ஒரு வரியேனும் எழுதப்பட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மூன்று நீதிமன்றங்களில் அலைந்த மனிதருக்கு அது கடமையாகவே செய்யப்பட வேண்டியது.

காலாப்பட்டு சட்ட மாணவி:
வழக்கறிஞர் சாருடைய பதிலோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எல்லா வழக்குகளும் அனுமதி கேட்டுத்தான் வருகின்றன என்பதில்லை. மாநிலங்களுக்கு இடையிலான வழக்குகள் 131ஆவது உறுப்பின்கீழ் நேரடியாகவும், அடிப்படை உரிமை மீறல்கள் 32ஆவது உறுப்பின்கீழும் வரலாம். அரசமைப்புச் சட்டத்தின் பொருளைப் பற்றிய முக்கியக் கேள்வி இருந்தால், 145(3)ஆவது உறுப்பின்படி குறைந்தது ஐந்து நீதிபதிகள் அமர வேண்டும். எந்த அமர்வுக்கு எந்த வழக்கு என்பதைத் தலைமை நீதிபதிதான் ஒதுக்குகிறார்.

நம் ஊர் எடுத்துக்காட்டு, புதுச்சேரி சட்டமன்றத்துக்கு 2017இல் மூன்று உறுப்பினர்களைப் புதுச்சேரி அரசின் பரிந்துரை இல்லாமல் மத்திய அரசு நியமித்த வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் நியமனத்தை ஏற்றது. அதை எதிர்த்து வந்தவர்களை உச்ச நீதிமன்றம் வாசலிலேயே திருப்பி அனுப்பாமல் விரிவாகக் கேட்டு, 2018 டிசம்பரில் நியமனம் செல்லும் என்று காரணங்களோடு தீர்ப்பளித்தது. அங்கேயும் மனுதாரர்கள் தோற்றார்கள். ஆயினும் யூனியன் பிரதேசச் சட்டத்தின் பொருள் இனி நாடு முழுவதும் அதுவே. 141ஆவது உறுப்பு அதைக் கட்டாயமாக்குகிறது. உங்கள் மனுவின் ஒற்றை வரிக்கு அந்தத் தகுதி இல்லை.

பண்ருட்டிக்காரன்:
இருவருக்கும் நன்றி. உத்தரவின் நகலை எடுத்துப் பார்த்தேன். தள்ளுபடிக்குக் கீழே, "சட்டக் கேள்வி திறந்தே விடப்படுகிறது" என்றும் ஒரு வரி இருக்கிறது. இதனால் எங்களுக்கு வழி ஏதும் உண்டா?

புதுவை வழக்கறிஞர்:
அந்த வரி, உயர் நீதிமன்றம் சொன்ன சட்ட விளக்கத்தை வேறொரு வழக்கில் வேறொருவர் உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் எழுப்பலாம் என்பதற்காக எழுதப்படுவது. உங்கள் தோப்பைப் பொறுத்தவரை உயர் நீதிமன்றத் தீர்ப்பே நிற்கிறது. அனுமதி மறுக்கப்பட்டதால் உயர் நீதிமன்றத்திலேயே மறுஆய்வு மனு போடத் தடையில்லை. ஆனால் பதிவேட்டில் வெளிப்படையாகத் தெரியும் பிழையோ, உரிய முயற்சி எடுத்தும் முன்பு கிடைக்காத ஆவணமோ இருந்தால்தான் அது நிற்கும். காலவரம்பு 30 நாட்கள். கடந்திருந்தால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். தீர்ப்பு நகலோடு, வழக்கை நடத்திய வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள்.