அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்காரர் ஜிம் அபாட் பந்து வீசுவதை நேரில் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

நான் பார்த்திருக்கிறேன். 1993 செப்டம்பர் 4, சனிக்கிழமை, நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியம். அப்போது நியூஜெர்சியில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். அறை நண்பன் அமெரிக்கன். டிக்கெட் ஒன்று மிச்சம் இருக்கிறது, வா என்றான். பந்து வீசுபவரை பிட்ச்சர் என்பார்கள், பேஸ்பாலில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த ஊர் யாங்கீஸ் அணிக்கு அன்று பிட்ச்சர் அபாட், உயரமான இடது கைக்காரர். மூன்று இன்னிங்ஸ் போன பிறகுதான் நண்பன் கேட்டான், "அவருக்கு வலது கை இல்லை, கவனித்தாயா?" சத்தியமாகக் கவனிக்கவில்லை! பிறவியிலேயே வலது உள்ளங்கை கிடையாதாம். அதன் பிறகு பந்தை விட்டுவிட்டு அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீசும்போது கிளவுஸ் வலது முன்கையின் முனையில் தொற்றிக்கொண்டிருக்கும். பந்து போன மறுகணம் இடது கை அதற்குள் நுழைந்துவிடும். அடித்த பந்து தன்னிடமே வந்தால் பிடித்து, கிளவுஸை வலது முன்கைக்கும் மார்புக்கும் நடுவில் இடுக்கி, பந்தை உருவி வீச வேண்டும். மிஷிகனில் ஃபிளிண்ட் நகரத்துச் சிறுவனாக இருந்தபோது, சுவரில் பந்தை எறிந்து எறிந்து பழகிய வித்தை அது.

எதிரணி கிளீவ்லேண்டுக்கு ஒரு ஹிட்கூட விழவில்லை, அதாவது பந்தை அடித்து யாரும் முதல் பேஸுக்குப் போய்ச் சேரவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் ஆல்பர்ட் பெல் அடித்ததை யாங்கீஸின் வேட் பாக்ஸ் பாய்ந்து விழுந்து தடுத்தார். "இன்னும் ஒரு ஹிட்கூட..." என்று நான் ஆரம்பித்ததும் நண்பன் வாயைப் பொத்தினான். ஆட்டம் முழுக்க ஒரு ஹிட்கூட விடாமல் வீசுவது நோ-ஹிட்டராம், அது போய்க்கொண்டிருக்கும்போது அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாதாம். நம் ஊர்க் கண்ணேறு மாதிரிதான். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் கிளீவ்லேண்டின் கென்னி லாஃப்டன் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடப் பார்த்தார். அப்படித் தட்டி நோ-ஹிட்டரைக் கெடுப்பது அழகில்லை என்று ஸ்டேடியமே கேலியாக 'பூ' என்று கத்தியது. கடைசியில் கார்லோஸ் பயேர்காவின் பந்து நேராக ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்) கைக்குப் போனது. 4-0 என்று யாங்கீஸ் வென்றது. ஆறு நாள் முன்பு இதே கிளீவ்லேண்ட்தான் அவரை நான்கு இன்னிங்ஸ்கூட நிற்க விடாமல் 7 ரன் எடுத்துத் துரத்தியிருந்தது.

* * *

மேலே உள்ளதைப் படித்ததும் சந்திரசேகர் ஞாபகம் வந்துவிட்டது. போலியோவில் சூம்பிய வலது கையாலேயே வீசி 242 டெஸ்ட் விக்கெட் எடுத்த மனிதர். சேப்பாக்கத்தில் பார்த்திருக்கிறேன். பந்தைப் பொறுக்கி எறிவது மட்டும் இடது கையால். அபாட் விஷயம் வேறு, அவருக்கு மாற்றிக்கொள்ள இன்னொரு கையே இல்லை. பேஸ்பால் எனக்குப் பிடிபடாது, இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

* * *

நான் அபாட்டைப் பார்த்தது யாருமே பார்க்க விரும்பாத வருஷம், 1996. இடம் கலிஃபோர்னியாவின் அனாஹைம். பெரிய லீக்கில் அவர் முதலில் ஆடியது எங்கள் ஏஞ்சல்ஸ் அணிக்குத்தான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஜப்பானை வென்ற இறுதி ஆட்டத்தை முழுக்க வீசியவர், மறு வருஷமே கீழ்மட்ட மைனர் லீக் பக்கம் போகாமல் நேராகப் பெரிய லீக்கில் இறங்கினார். 1991-ல் 18 வெற்றி. அதே ஆள் 1996-ல் 2 வெற்றி, 18 தோல்வி! பந்தில் வேகம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். கை இல்லாததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அனுதாபத்தில் யாரும் அவருக்கு எதையும் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. 1998-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குத் திரும்பி வந்து 5 வெற்றி, தோல்வியே இல்லை. அடுத்த வருஷம் மில்வாக்கி அணியோடு முடித்துக்கொண்டார். மொத்தக் கணக்கு 87 வெற்றி, 108 தோல்வி.

என் பையனுக்குப் பிறவியிலேயே இடது உள்ளங்கை இல்லை. அப்போது அவனுக்கு ஆறு வயது. இப்படிப்பட்ட பிள்ளைகளை அபாட் ஆட்டத்துக்கு முன்னால் சந்திப்பார், கடிதம் போட்டால் பதில் எழுதுவார் என்று பேப்பரில் படித்துவிட்டு மனைவி எழுதச் சொன்னாள். பிள்ளையைக் காட்டி எதையோ கேட்பது மாதிரி எனக்குக் கூச்சம், தள்ளிப்போட்டே விட்டேன். இன்றைக்கும் அவள் சொல்லிக்காட்டுவாள்.

பையனைக் கூட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போன அன்றைக்கு அபாட் நன்றாக அடிவாங்கினார், பாதியிலேயே வெளியே எடுத்துவிட்டார்கள். பையன் ஸ்கோரைக் கேட்கவே இல்லை. திரும்பி வரும்போது காரின் பின் சீட்டில் தொப்பியைக் கழற்றி இடது முனையில் மாட்டிக்கொண்டான். வலது கையால் ஒரு வேர்க்கடலையை என் பின்மண்டையில் எறிவான், உடனே அந்தக் கையைத் தொப்பிக்குள் நுழைப்பான். வீடு வரும்வரை இதே வேலைதான். சீட்டுக்கடியில் கடலைத் தோலைப் பொறுக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.