70 கிலோமீட்டர், நடுவில் மலை, இணையம் இல்லை: ஹாம் ரேடியோவில் பைல் அனுப்ப முடியுமா?

மலையோரம்:
வணக்கம். இணையமும் செல்போன் சிக்னலும் இல்லாத ஒரு பள்ளியில் நாலைந்து பழைய கணினிகளை நானும் ஒரு நண்பரும் பராமரித்து வருகிறோம். மாதம் ஒருமுறை பென்டிரைவில் பாடக் குறிப்புகளும் கேள்வித்தாள்களும் கொண்டுபோவோம். நடுவில் ஏதாவது திருத்தம் வந்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டியதுதான், மழையில் பாதை அடைபட்டால் அதுவும் கிடையாது. நேர்கோட்டில் 70 கிலோமீட்டர் தூரம், நடுவில் ஒரு பெரிய மலைத்தொடர். நான் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் வாங்கி மூன்று வருடமாகிறது, இதுவரை விஎச்எஃப் என்ற, பக்கத்துத் தூரங்களுக்கான அலைவரிசையில் பேசியது மட்டும்தான். அங்கே இருக்கும் ஆசிரியர் ஒருவர் உரிமத் தேர்வு எழுதத் தயாராக இருக்கிறார். வாரத்துக்கு 5 எம்பி அனுப்ப முடிந்தால் போதும், பெரும்பாலும் பிடிஎஃப். முடியுமா? எங்கே ஆரம்பிப்பது?

டைபோல்வாசி:
முடியும். ஆனால் அந்த 5 எம்பி-யை விட்டுவிடுங்கள். விஎச்எஃப் பாக்கெட் ரேடியோ (தகவலைச் சிறு துண்டுகளாக அனுப்பும் முறை) 1200 பாட், அதாவது ஏட்டுக்கணக்கில் வினாடிக்கு 150 பைட். 1 எம்பி போக கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். நடைமுறையில் ஒவ்வொரு பாக்கெட்டோடும் போகிற முகவரி, "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்காகக் காத்திருப்பது, ரேடியோ அனுப்புவதிலிருந்து கேட்பதற்கு மாறும் நேரம் என்று எல்லாம் சேர்ந்து அதில் பாதி வேகம் கிடைத்தாலே நல்லது. எச்எஃப்-இல் (அதாவது சிற்றலையில்) பழைய 300 பாட் பாக்கெட் என்றால் இதிலும் கால்வாசிதான்.

அடுத்தது மலை. விஎச்எஃப் நேர்ப்பார்வையில்தான் போகும், எனவே உச்சியில் ஒரு டிஜிபீட்டர் வைக்க வேண்டும். அது ஒரே அலைவரிசையில் கேட்டு, அதையே திரும்பச் சொல்வதால் வேகம் இன்னும் பாதியாகும். பாட்டரி பார்க்க யாராவது மலையேற வேண்டும், அதை எத்தனை மாதம் செய்வீர்கள்? உங்கள் இடத்தில் நான் இருந்தால் எச்எஃப்-க்குத்தான் போவேன், அதுவும் என்விஐஎஸ் முறையில். ஆண்டெனாவைத் தாழ்வாகக் கட்டினால் அலை செங்குத்தாக மேலே போய், 250–300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு மழை மாதிரி இறங்கும். மேலிருந்து வரும் அலைக்கு நடுவில் இருக்கும் மலை ஒரு தடையே இல்லை. 7 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோலின் (இரண்டு பாதிக் கம்பிகளால் ஆன ஆண்டெனா) மொத்த நீளம் 20 மீட்டர், 5 அல்லது 6 மீட்டர் உயரத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டினால் போதும். பகலில் 7, இருட்டியதும் 3.5. சூரியப்புள்ளிகள் குறைந்த வருடங்களில் பகலிலேயே 7 சரியாகத் திரும்பி வராது, எனவே 3.5-க்கும் ஒரு கம்பி (சுமார் 40 மீட்டர்) கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளில் வாரா, ஆர்டாப் இரண்டும் சவுண்ட் கார்டையே மோடமாக மாற்றுபவை. பாதை நன்றாக இருந்தால் வேகத்தைக் கூட்டும், கெட்டால் குறைக்கும், பிழையான துண்டை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கும். வாராவின் இலவசப் பதிப்பில் வேகம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும், ஆர்டாப் முழுக்க இலவசம். அதன் மேல், செய்தியும் கோப்பும் அனுப்பும் நிரலாக பேட் அல்லது வின்லிங்க் எக்ஸ்பிரஸ் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் நிலையத்திலிருந்து நிலையத்துக்கு நேராக அனுப்பும் வசதி இருக்கிறது, நடுவில் இணையத்தோடு இணைந்த நிலையம் தேவையில்லை.

இன்னொன்று, பென்டிரைவை நிறுத்திவிடாதீர்கள். பெரியதெல்லாம் கையில் போகட்டும், மாறியது மட்டும் ரேடியோவில் போகட்டும். 200 பக்கப் புத்தகம் ஏற்கெனவே அங்கே இருக்கும்போது, திருத்திய மூன்று வரிகளுக்காக அதை மறுபடி அனுப்ப வேண்டியதில்லை. டிஃப் (இரு பதிப்புகளுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும்) எடுத்தால் சில நூறு பைட்தான் வரும்.

விதிப்புத்தகம்:
தொழில்நுட்பத்தோடு விதியையும் பார்த்துவிடுங்கள். ஹாம் அலைவரிசையில் செய்தியின் அர்த்தத்தை மறைப்பதற்காகக் குறியாக்கம் செய்யக் கூடாது. பன்னாட்டு விதி இரு நாடுகளுக்கு இடையிலான தொடர்பைத்தான் சொல்கிறது என்றாலும், உள்நாட்டிலும் பல நாடுகள் இதையே வைத்திருக்கின்றன. கடவுச்சொல் போட்ட ஜிப் அனுப்பாதீர்கள். சாதாரண ஜிப், ஜிஜிப் பிரச்சினை இல்லை, எல்லோரும் அறிந்த முறையில் சுருக்குவது மறைப்பதாகாது. அதே காரணத்தால் மாணவர்களின் மதிப்பெண், உடல்நிலை, முகவரி எதுவும் இந்த வழியில் போகக் கூடாது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். தேர்வுக்கு முந்தைய கேள்வித்தாளும் அப்படித்தான். பணம் வாங்கிச் செய்யும் வேலைக்கும் இது ஆகாது. பள்ளி சார்பில், அதாவது மூன்றாம் நபருக்காக, செய்தி அனுப்பலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் உரிம விதியில் அந்தப் பகுதியை ஒரு தடவை முழுதாகப் படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள். ஆசிரியர் உரிமம் வாங்கும் வரை அவர் தனியாக அனுப்பும் பொத்தானைத் தொடக்கூடாது, கேட்கலாம்.

மறைவாகப் போக வேண்டிய தகவல் நிஜமாகவே இருந்தால் ஹாம் அல்லாத அலைவரிசைக்குத் தனி உரிமம் வாங்குவதுதான் நேர்வழி. சிற்றலையில் கிராமங்களுக்குக் கோப்பும் குரலும் கொண்டுசேர்க்க ரைசோமேட்டிகா என்ற அமைப்பு ஹெர்மீஸ் என்று ஒரு திட்டமே வைத்திருக்கிறது, அமேசான் காட்டுப் பகுதியில் அதை நிறுவியிருக்கிறார்கள். அதற்கு அடியில் ஓடுவது யூயூசிபி, 1970-களில் தொலைபேசிக் கம்பிக்காக எழுதப்பட்டது. வரிசையில் போட்டு வைத்து, தொடர்பு கிடைக்கும்போது அனுப்புவது அதன் இயல்பு என்பதால் ரேடியோவுக்கு அப்படியே பொருந்துகிறது.

மலையோரம்:
இருவருக்கும் மிக்க நன்றி. மதிப்பெண் பட்டியலையும் அனுப்பலாம் என்றுதான் நினைத்திருந்தேன், அதை எடுத்துவிட்டேன். இப்போது கோப்பின் அளவில் நிற்கிறேன். எங்கள் பிடிஎஃப் பாதிக்குமேல் ஸ்கேன் செய்த பக்கங்கள். தட்டச்சு செய்து சாதாரண உரையாக மாற்றிப் பார்த்தேன், அப்படியும் ஒரு பாடம் 60 கேபி வருகிறது. ஆங்கிலத்தில் இதே நீளத்துக்கு இருபதுதான் வந்தது. ஏன்?

டைபோல்வாசி:
காரணம் யூடிஎஃப்-8, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறை. அதில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 1 பைட், தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். "கோ" என்றால் ககரம் ஒன்று, துணைக்குறி ஒன்று, ஆக 6 பைட். ஆனால் இதற்காகக் கவலைப்பட வேண்டாம், அந்த மூன்றில் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவதும் ஒன்றிரண்டு மதிப்புகளுக்குள்தான் வரும், எனவே சுருக்கும்போது நன்றாகவே சுருங்கும். நான் எக்ஸ்இசட் (ஒரு சுருக்கும் முறை) போட்ட தமிழ் உரைகள் நாலில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்திருக்கின்றன. 60 கேபி 15 ஆனால், சுமாரான பாதையிலும் ஒரு சில நிமிட வேலைதான். படம் கட்டாயம் வேண்டுமென்றால் 320க்கு 240 அளவுக்குக் குறைத்து வெப்பி என்ற சிறிய பட வடிவத்துக்கு மாற்றுங்கள், கோட்டுப்படம் 10 கேபி-க்குள் அடங்கிவிடும்.

பத்து பள்ளிக்கு ஒரே பாடத்தை அனுப்புகிற நிலை பிற்பாடு வந்தால் ஃபிளாம்ப் என்ற நிரலைப் பாருங்கள். அது கோப்பைத் துண்டுகளாக்கி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பும், யாருக்கு எந்தத் துண்டு விடுபட்டதோ அதை மட்டும் அவர்கள் கேட்டு வாங்கலாம்.

சிற்றலைப்பித்து:
யாரும் சொல்லாத ஒன்று, மின்சாரம். பேச்சில் மூச்சு விட இடைவெளி இருக்கும், டேட்டாவில் இல்லை, ரேடியோ விடாமல் முழுச் சக்தியில் உழைக்கும். 100 வாட் ரேடியோவை 30 வாட்டில் வையுங்கள், என்விஐஎஸ்-க்கு அது போதும். 100 வாட்டில் அனுப்பும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும், சோலார் பாட்டரி அதற்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள்.

அதைவிட முக்கியம் ஆடியோ அளவு. நான் ஆரம்பித்தபோது சத்தம் கூடினால் நன்றாகப் போகும் என்று நினைத்து சவுண்ட் கார்டை முழுதும் திருப்பி வைத்திருந்தேன். மூன்று வாரம் 8 கேபி கோப்பு ஒன்றுகூட முழுதாகப் போகவில்லை. ஆண்டெனாவை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், கடைசியில் ஏஎல்சி (ஒலி மிஞ்சும்போது ரேடியோ தானாகக் குறைப்பதைக் காட்டும் அளவி) முள் அசைவதே நின்றுபோகும் அளவுக்குக் குறைத்தேன், அன்று மாலையே போய்விட்டது. அதிகம் கொடுத்தால் அலை சிதைந்து, எதிர்முனைக்கு ஒன்றும் புரியாது, பக்கத்து அலைவரிசையில் இருப்பவருக்கும் தொல்லை. இன்னொன்று, அனுப்பும்போது மட்டும் கணினி உறைந்தாலோ மவுஸ் தானாக ஓடினாலோ ரேடியோ அலை யூஎஸ்பி கேபிளில் ஏறுகிறது என்று அர்த்தம், கேபிளின் இரண்டு முனையிலும் ஃபெரைட் (அந்த அலையைத் தடுக்கும் வளையம்) மாட்டுங்கள்.

மலையோரம்:
எத்தனை மணிக்கு முயற்சி செய்வது நல்லது?

டைபோல்வாசி:
முதல் வாரம் கோப்பே அனுப்பாதீர்கள். காலை 9, மதியம் 1, மாலை 5 என்று மூன்று வேளையும் ஐந்து நிமிடம் குரலில் பேசி, எப்போது தெளிவாகக் கேட்கிறது என்று நோட்டில் குறியுங்கள். அதில் எது சிறந்ததோ அந்த நேரத்தில் 2 கேபி உரை ஒன்றை அனுப்புங்கள். ஆசிரியரும் அங்கிருந்து ஒன்று அனுப்பட்டும், பெரும்பாலும் ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் மோசமாகவும் இருக்கும், அது அந்த முனையில் இருக்கும் இரைச்சலால். உங்கள் பக்கம் ஊருக்குள் என்றால் எல்இடி விளக்கு, சார்ஜர் எல்லாம் அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு நோட்டில் குறித்ததை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.