புதுப்பிப்பு: கன்னத்துத் தழும்பும் மற்றவர்களின் பார்வையும்

கன்னத்திலிருந்து கழுத்துவரை படர்ந்திருக்கும் தீக்காயத் தழும்பைப் பற்றி அறிமுகமற்றவர்கள் விசாரிக்கும்போது என்ன சொல்வது என்று முன்பு கேட்டிருந்தேன். சுருக்கமான பதிலொன்றைத் தயாராக வைத்திருக்கும்படி பலர் கூறியிருந்தீர்கள். "தீக்காயம், இப்போது வலி இல்லை" என்று சொல்லிவிட்டு நானே பேச்சை மாற்றிவிடுகிறேன். பெரும்பாலோர் அத்துடன் விட்டுவிடுகிறார்கள். குழந்தைகள் கேட்பது என்னை வருத்துவதில்லை, பெற்றவர்கள் அவர்களை வெடுக்கென்று கையைப் பிடித்து இழுத்துச் செல்வதுதான் வருத்துகிறது. தழும்பு முதிர்ந்து சிவப்பு மங்க 12 முதல் 18 மாதங்கள், சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம் என்பதால், சிலிகான் ஜெல்லை விடாமல் தடவுகிறேன். தழும்பின் அளவை வைத்து மனவேதனையை அளக்க முடியாது என்று மனநல ஆலோசகர் விளக்கியது, "இவ்வளவுதானே" என்று உறவினர்கள் தேற்றும்போதெல்லாம் எனக்குத் துணை நிற்கிறது. புகைப்படங்களுக்கு மட்டும் இன்னமும் தழும்பில்லாத பக்கத்தைக் காட்டியே நிற்கிறேன். ஆலோசகருடனான அடுத்த சந்திப்பில் அதைப் பற்றித்தான் பேசவிருக்கிறோம்.