புதுப்பிப்பு: இரண்டாவது கியர் இப்போது சத்தமில்லாமல் விழுகிறது

வண்டியில் இரண்டாவது கியருக்கு மாற்றும்போது கரகரவென்று சத்தம், கியர்பாக்ஸைப் பிரித்துவிட்டேன், ஷாஃப்ட்டில் இறுகிய பேரிங் மட்டும் வரமாட்டேன் என்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். இரண்டு ஸ்குரூடிரைவரால் நெம்பியதைப் படித்துப் பலர் திட்டினீர்கள். நியாயமான திட்டுதான்.

பக்கத்து லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பேரிங்குக்கு அடியில் இரண்டு பாதியாகப் பிரியும் தகட்டைச் செருகி, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினார் பட்டறை அண்ணன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கியிருந்தேன்! புதிய பேரிங்கை ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் படும்படி ஒரு குழாய்த் துண்டை வைத்தார். வெளிவளையத்தை அழுத்தினால் விசை குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் பள்ளம் விழும். புதிய பேரிங்கே இரையும்.

சத்தத்துக்குக் காரணம் சிங்க்ரோ ரிங், அதாவது கியர் விழுவதற்கு முன் கியரின் வேகத்தையும் ஷாஃப்ட்டின் வேகத்தையும் உரசிச் சமன்செய்யும் பித்தளை வளையம். அது தேயத் தேய, அதற்கும் கியருக்கும் உள்ள இடைவெளி குறையும். அதைக் கியரின் கூம்பில் அழுத்திப் பிடித்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்த்தேன். 0.3 மி.மீ. தகடே இறுக்கமாகத்தான் நுழைந்தது. புதிய ரிங்கில் 1 மி.மீ. இருந்தது. கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் ‘நல்லாத்தானே இருக்கு’ என்று பழையதையே போட்டிருப்பேன்.

பூட்டு வளையங்களைக் கழற்றும் சர்க்லிப் பிளையர் வாங்கிவிட்டேன், போல்ட்டைச் சரியான அளவு விசையில் முடுக்கும் டார்க் ரெஞ்ச் இரவல். ஊற்றிய கியர் எண்ணெய் ஜிஎல்-4 தரம். ஜிஎல்-5 தர எண்ணெய்கள் சிலவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை ரிங்கை அரிக்கும்.

200 கி.மீ. ஓட்டியாயிற்று, சத்தம் இல்லை. ரிவர்ஸ் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, அது முன்பும் அப்படித்தான். அப்புறம், பிரிக்கும்போது தெறித்து ஓடிய அந்தச் சின்ன இரும்புக் குண்டு, புதிது வாங்கிப் போட்ட மறுநாள் செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் கிடைத்தது.