விண்டோஸ் வட்டை மாற்றிய பின் மற்றொரு வட்டிலுள்ள உபுண்டு திறக்கவில்லை: உதவி தேவை

கேள்வி (கடலூர், மஞ்சக்குப்பம்)

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. என் மடிக்கணினியில் எம்.2 வட்டில் விண்டோஸ் 11 இருந்தது. இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி என்னும் இன்னொரு வட்டில் உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) உள்ளது. சென்ற வாரம் விண்டோஸ் வட்டு பழுதானதால், பழுதுபார்ப்பவர் அதைக் கழற்றிவிட்டுப் புதிய வட்டில் விண்டோஸை நிறுவிக் கொடுத்தார். அன்று முதல் கணினி தொடங்கும்போது எஃப்12 விசையை அழுத்தினால் வரும் பட்டியலில் விண்டோஸ் மட்டுமே இருக்கிறது. உபுண்டு வட்டும் போய்விட்டது, ஃபார்மட் செய்து தருகிறேன் என்கிறார் அவர்.

அந்த வட்டில்தான் தேவனாம்பட்டினம் மீனவப் பெரியவர்களிடம் மூன்று ஆண்டுகளாக நான் பதிவுசெய்த ஒலிக்கோப்புகள் இருக்கின்றன. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களையும் நீரோட்டத்தைப் பற்றிய சொற்களையும் அவர்கள் குரலிலேயே சேர்த்து வைத்திருந்தேன். அவர்களுள் இருவர் இன்று இல்லை. வேறு படி எடுத்து வைக்காதது என் தவறு. வட்டு உண்மையிலேயே போய்விட்டதா?

மறுமொழி (நெல்லிக்குப்பம்)

பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் பூட் என்னும் தொடக்கப் பாதுகாப்பை நிறுத்திப் பாருங்கள் அம்மா. சாட்டா வட்டின் பெயர் அங்கே தெரிகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

நிறுத்திப் பார்த்தேன், மாற்றமில்லை. ஆனால் வட்டின் பெயரும் 1 டிபி என்ற அளவும் பயாஸில் தெளிவாகத் தெரிகின்றன.

மறுமொழி (புதுச்சேரி, முத்தியால்பேட்டை)

அம்மா, தயவுசெய்து ஃபார்மட் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வட்டு நலமாகவே இருக்கிறது. அதைத் திறந்துவிடும் கோப்புகள்தாம் கழற்றிய வட்டோடு போயிருக்கின்றன. யூஇஎஃப்ஐ என்னும் இன்றைய தொடக்க முறையில் கணினி தொடங்கும்போது, ஈஎஃப்ஐ பகுதி என்னும் சிறிய ஃபேட்32 பகுதியில் உள்ள தொடக்கி நிரலைத்தான் முதலில் தேடும். உபுண்டு 22.04 நிறுவி, இரண்டாவது வட்டை நாம் தேர்ந்தெடுத்தாலும், முதல் வட்டில் ஏற்கெனவே உள்ள ஈஎஃப்ஐ பகுதியிலேயே கிரப் தொடக்கியை எழுதிவிடும் வழக்கம் உடையது.

இதை உறுதிசெய்ய, உபுண்டு பென்டிரைவிலிருந்து நிறுவாமல் ‘டிரை உபுண்டு’ வழியாக உள்ளே சென்று, ‘டிஸ்க்ஸ்’ செயலியில் சாட்டா வட்டைப் பாருங்கள். எக்ஸ்ட்4 பகுதி (உபுண்டுவும் உங்கள் கோப்புகளும் இருக்கும் இடம்) இருந்து, ஃபேட் பகுதி இல்லையென்றால் நான் சொன்னதுதான் காரணம். எதையும் சரிசெய்யத் தொடங்கும் முன், ஒலிக்கோப்புகள் முழுவதையும் வெளிவட்டு ஒன்றில் படியெடுத்து, நாலைந்து கோப்புகளையாவது ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். இன்றைக்கு அது மட்டும் நடந்தால் போதும்.

கேள்வி கேட்டவர்

எக்ஸ்ட்4 பகுதியும் கடைசியில் 8 ஜிபி ஸ்வாப் பகுதியும் மட்டுமே இருக்கின்றன. கோப்புறையைத் திறந்ததும் எல்லாப் பதிவுகளும் தேதிவாரியாக நின்றன. ஒன்றைச் சொடுக்கினேன், வலை உலர்த்தும் சத்தத்துக்கு நடுவே அந்தப் பெரியவரின் இருமல் கேட்டது. இப்போது இரண்டு வெளிவட்டுகளில் படியெடுத்துவிட்டேன்.

மறுமொழி (புதுச்சேரி, முத்தியால்பேட்டை)

மிக்க மகிழ்ச்சி. ஸ்வாப் பகுதி இருப்பது நல்லதாயிற்று. அது நினைவகத்துக்குத் துணையான இடம்தான், அதில் உங்கள் கோப்புகள் இல்லை. எக்ஸ்ட்4 பகுதியைச் சுருக்கும் அபாயம் நமக்கு வேண்டியதில்லை. ஜிபார்ட்டெட் செயலியில் ஸ்வாப்பை நிறுத்திவிட்டு அழித்து, அவ்விடத்தில் 512 எம்பி அளவில் ஃபேட்32 பகுதி ஒன்றை உருவாக்கி, அதற்கு ‘பூட்’, ‘ஈஎஸ்பி’ கொடிகளை இடுங்கள். பிறகு உபுண்டுவின் மூலப் பகுதியையும் அதற்குள் பூட் ஈஎஃப்ஐ அடைவில் இந்தப் புதிய பகுதியையும் ஏற்றி, சிஎச்ரூட் கட்டளை வழியாக வட்டிலுள்ள உபுண்டுவுக்குள் நுழைந்து, கிரப் இன்ஸ்டால், அப்டேட் கிரப் ஆகிய கட்டளைகளை வரிசையாக இயக்க வேண்டும்.

பலரும் தவறுவது, தொடங்கும்போது ஏற்ற வேண்டிய பகுதிகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில்தான். கழற்றிய வட்டிலிருந்த ஈஎஃப்ஐ பகுதியின் அடையாள எண் அதில் அப்படியே இருந்தால், உபுண்டு அந்தப் பகுதிக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்து எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். ஆகவே ஈஎஃப்ஐ வரியில் புதிய பகுதியின் எண்ணை எழுதி, ஸ்வாப் வரியை நீக்கிவிடுங்கள். தயக்கமாக இருந்தால் ஒவ்வொரு படியின் திரையையும் படமெடுத்து இங்கே இடுங்கள். பார்த்த பிறகு அடுத்த படிக்குப் போகலாம்.

கேள்வி கேட்டவர்

மூன்று மாலைகள் ஆயின. உபுண்டு திறந்துவிட்டது ஐயா, நன்றி. ஆனால் இப்போது விண்டோஸுக்குள் போனால் கடிகாரம் ஐந்தரை மணிநேரம் பின்தங்கிக் காட்டுகிறது. எதையாவது கெடுத்துவிட்டேனா?

மறுமொழி (புதுச்சேரி, முத்தியால்பேட்டை)

இல்லை அம்மா. உபுண்டு வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கிறது. உபுண்டுவில் டைம்டேட்சிடிஎல் கட்டளை மூலம் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும். கிரப் பட்டியலில் விண்டோஸ் வராவிட்டாலும் பரவாயில்லை, எஃப்12 வழியாகவே தேர்ந்தெடுங்கள். இனி எந்த வட்டைக் கழற்றினாலும் மற்றது தன் காலில் நிற்கும்.